கல்லும் ஓலையும் வீடும்: கோவளக் கரையின் குடிவரலாறு

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மருஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். ஒரு குடியின் தொடர்ச்சியைத் தமிழர் ஏட்டில் எழுதி வைத்ததைவிடப் பிள்ளையின் பெயரில் வைத்துக் காத்ததே மிகுதி. ஆயினும், இவ்வழக்கம் பெயரைக் காத்ததே தவிர, பெயருக்குரியவரைக் காக்கவில்லை. பாட்டனுக்கும் பேரனுக்கும் பெயர் ஒன்றாகவே இருப்பதால், நான்கு தலைமுறை கழிந்தபின் எந்தக் கந்தசாமி கிணறு வெட்டினார், எந்தக் கந்தசாமி ஊரைவிட்டுக் கப்பலேறினார் என்று பிரித்தறிய இயலாமற் போகிறது. குடும்பப் பெயர் என ஒன்று தமிழர்க்குப் பொதுவாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அது ஒரு தலைமுறைக்கு மட்டும் கட்டிய பாலம். நீத்தார் கடனில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூவர் பெயரைச் சொல்லும் குடும்பங்களிலும் நான்காமவர் பெயர் நழுவிவிடுகிறது. குடிவரலாறு என்பது இங்கே எளிய பொருளன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இந்த நிலையில், ஒரு சிற்றூரின் வரலாற்றையும் அதன் குடிகளின் வழிமுறையையும் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடப் பொருத்தமான ஊர்களுள் ஒன்று சென்னைக்குத் தெற்கே, செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்போரூர் வட்டத்தில் அமைந்துள்ள கோவளம். கடலும் கழியும் உப்பளமும் சூழ்ந்த இப்பகுதியில் கல்வெட்டும், ஓலைச்சுவடியும், கல்லறையும், பெயர்த்தெடுத்து நட்ட வீடுகளும் சில கல் தொலைவுக்குள்ளேயே கிடைக்கின்றன. வரலாற்றைச் சேமிக்கும் வழிகள் எத்தனை உண்டோ அத்தனையும் இக்கரையில் ஒருமுறையேனும் முயன்று பார்க்கப்பட்டுள்ளன எனலாம்.

கல்லில் நின்ற குடிகள்

கோவளத்துக்குத் தெற்கே அண்மையிலுள்ள திருவிடந்தை, திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திருத்தலம். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. காலவ முனிவரின் முந்நூற்றறுபது பெண்மக்களை நாளுக்கொருவராக மணந்த வராகப் பெருமான், நித்தியகல்யாணப் பெருமாளாக இங்கே எழுந்தருளியுள்ளார் என்பது தலவரலாறு. மணம் கூடிவர வேண்டுவோர் இன்றும் மாலை ஏந்தி வலம் வருகின்றனர். நாள்தோறும் திருமணம் நிகழும் கோயில் என்று பெயர்பெற்ற இவ்விடத்தின் சுவர்களிலேயே இக்கரையின் மிகப் பழைய குடிக்கணக்குகளுள் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது.

முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பட்டினவராகிய மீனவர் குடிகள் பன்னிரண்டைக் கோயிலுக்கு உரியனவாக்கிய செய்தியைக் கூறுகிறது. கடலிற் சென்று ஈட்டும் பொருளிலிருந்து கோயிலுக்கு அவர்கள் செலுத்த வேண்டிய கடமை அதிலே வரையறுக்கப்படுகிறது. வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் முதலியோர் சோழர் காலத்து அடிமைமுறையைப் பற்றி ஆராயுமிடத்து இத்தகைய கல்வெட்டுகளையே சான்று காட்டுவர்.

இச்செய்தியை எவ்வாறு படிப்பது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் மீனவர் குடிகள் நிலைபெற்றிருந்தனர் என்று பெருமிதம் கொள்ளலாம். ஆனால், அக்கல்வெட்டு அவர்களுடைய வரலாற்றைச் சொல்ல எழுந்ததன்று. கோயிலுக்கு உரிய உடைமைகளுள் ஒன்றாகவே அவர்களைக் கணக்கிட்டது. நிலத்தைப் போலவும் விளக்குக்கு விட்ட ஆட்டைப் போலவும் எண்ணப்பட்டதனாலேயே அவர்கள் வரலாற்றில் இடம்பெற்றனர். எளிய மக்களைப் பற்றிய பழைய ஆவணங்கள் பெரும்பாலும் இத்தன்மையனவே. வரி வாங்கியவனும் வேலை வாங்கியவனும் எழுதிய கணக்கிலிருந்துதான் உழைத்தவனின் பெயரைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது.

மன்னர் வழிமுறை எழுதப்பட்ட விதம் இதற்கு நேர்மாறானது. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, சோழர் குலத்தைக் கதிரவனிலிருந்து தொடங்கி, மனுவையும் சிபியையும் கடந்து, பின்னரே வரலாற்று மாந்தரிடம் வந்து சேர்கிறது. மேற்படிகள் புராணம், கீழ்ப்படிகள் வரலாறு. இரண்டும் ஒரே செப்பேட்டில் ஒரே நடையில் எழுதப்பட்டுள்ளன. குடிவரலாறு தொகுக்கப் புகுவோர்க்கு இது முதற்பாடம். எந்தப் படி வரை சான்று உண்டு, எந்தப் படிக்குமேல் நம்பிக்கை மட்டுமே உண்டு என்று கோடு கிழிக்கத் தெரிதல் வேண்டும்.

கோட்டையைப் பற்றிய மயக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டில் கோவளம் உலக வணிகத்தின் கண்ணிற்பட்ட துறைமுகம். ஆர்க்காட்டு நவாபு சாததுல்லா கானின் பெயரால் சாதத் பந்தர் என்று அது வழங்கப்பட்டது. பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். 1722-இல் பேரரசர் ஆறாம் சார்லசின் பட்டயம் பெற்ற ஆஸ்டெண்டுக் கம்பெனி, வங்காளத்தில் பாங்கிபசாரிலும் சோழமண்டலக் கரையில் கோவளத்திலும் பண்டகசாலை நடத்தியது. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கொடுத்த நெருக்குதலால் 1727-இல் அப்பட்டயம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1731-இல் கம்பெனியே ஒழிந்தது.

1750-இல் பிரெஞ்சுக்காரர் இக்கோட்டையைச் சூழ்ச்சியால் கைக்கொண்டனர். கப்பலில் நோய் பரவிவிட்டதென்றும், நோயாளரைக் கரையிறக்க இடம் வேண்டுமென்றும் கெஞ்சி, ஆடைக்குள் படைக்கலம் மறைத்த வீரர்களை இறக்கி, இரவிலே கோட்டைக்காவலரை மடக்கினர் என்று இராபர்ட் ஓர்ம் தம் போர் வரலாற்றில் எழுதுகிறார். இரண்டே ஆண்டுகளில், 1752-இல், இராபர்ட் கிளைவு புதிதாகச் சேர்ந்த பயிற்சியற்ற படையாட்களை வைத்துக்கொண்டு கோவளத்தையும் அடுத்துச் செங்கற்பட்டையும் கைப்பற்றினார். அப்படையிலிருந்த ஒருவன் வெடியோசைக்கு அஞ்சிக் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டதும் அவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கோவளக் கோட்டை அப்போதே தகர்க்கப்பட்டது.

இவ்வளவு செய்தி அச்சில் இருந்தும், கோவளத்துக் கோட்டையை டச்சுக் கோட்டை என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டை இருப்பது தெற்கே சதுரங்கப்பட்டினத்தில். ஆஸ்டெண்டு நகரம் இன்றைய பெல்சியத்தில், ஒல்லாந்தின் அண்டையில் இருப்பது. அங்கிருந்து வந்தோரின் நினைவும் சதுரங்கப்பட்டினத்து நினைவும் ஒன்றோடொன்று கலந்து இம்மயக்கம் தோன்றியிருத்தல் கூடும். ஊரிலே வரலாற்றைத் திருத்திச் சொல்லவும் சான்றைக் காட்டவும் ஓரிடம் இல்லையெனில், பயணியர்க்கு அச்சிடும் துண்டறிக்கையே வரலாறாகிவிடும். கோட்டையின் பெயரே இருநூற்றெழுபது ஆண்டுகளில் மாறிவிட்டதென்றால், அதன் நிழலில் வாழ்ந்த குடிகளின் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே கரையில் மற்றிரண்டு நினைவிடங்கள் உண்டு. ஒன்று, தமீம் அன்சாரி அவர்களின் தர்கா. நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவரின் உடல் கடல்வழியே பேழையில் மிதந்து வந்து இங்கு ஒதுங்கியது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. மற்றொன்று, 1808-இல் போர்த்துக்கீசிய வணிகர் ஜான் டி மான்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம். 1821-இல் மறைந்த அவர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். சென்னையில் அவருக்கிருந்த பெருஞ்சொத்து மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கோயில், தர்கா, ஆலயம் என மூன்றும் கடலை நோக்கி நிற்கும் இவ்வூரில் குடிவரலாறு என்பது ஒரு சமயத்தார் கணக்கு மட்டும் ஆகாது. திருமுழுக்கு ஏடும், நிக்காஹ் பதிவும், கோயில் திருவிழாக் கட்டளைப் பட்டியலும் சேர்ந்தே ஊரின் பெயரேடு ஆகும்.

ஓலையில் விழுந்த ஊர்

1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி செங்கற்பட்டுப் பகுதியை ஆங்கிலக் கம்பெனிக்கு சாகீராக அளித்தார். அதன்பின் 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள் அளக்கப்பட்டன. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையிலே தமிழில் எழுதிய கணக்குகளே அவ்வளவைக்கு அடிப்படை. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எவர் குடியிருந்தனர், என்ன தொழில், எவ்வளவு நன்செய் புன்செய், ஏரி குளம் தோப்பு எத்தனை, விளைச்சலில் கோயிலுக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வண்ணாருக்கும் வெட்டியானுக்கும் எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன.

காந்திய அறிஞர் தரம்பால் இவ்வாவணங்களின் அருமையை உணர்த்தினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் இவ்வோலைகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளைச் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தார் 2001-இல் நூலாக வெளியிட்டனர். சிதம்பர சுவாமிகளின் சந்நிதிமுறையால் இலக்கிய உலகம் அறிந்த திருப்போரூர், அந்நூலால் வீடு வீடாக எண்ணப்பட்ட ஊராகவும் அறிமுகமாயிற்று. புலவர் பாடிய முருகன் ஓரிடத்தில். அம்முருகன் கோயிலைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் மற்றோரிடத்தில். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு எல்லா ஊர்க்கும் கிட்டுவதன்று.

கர்னல் காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளும் இவ்வகையிற் குறிக்கத்தக்கன. அவருக்குத் துணைநின்ற காவலி வெங்கட போரையா, இலக்குமையா முதலியோர் ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டு எழுதிய கைபீதுகள் இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் செல்வம். அவர்கள் கையாண்ட முறை எளியது: ஊருக்குச் செல்வது, பெரியவர் சொல்வதைக் கேட்பது, எழுதிக்கொள்வது. இருநூறு ஆண்டுகளாகியும் அதைவிடச் சிறந்த முறை ஒன்று கண்டறியப்படவில்லை.

ஊர்க்கணக்கு எழுதும் மரபு பின்னரும் கணக்குப்பிள்ளை, கர்ணம் என்ற பெயரில் நீடித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரை வழி வந்த கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. நிருவாக நோக்கிலும் நீதி நோக்கிலும் அது வேண்டிய மாற்றமே. ஆயினும் எந்த நிலம் எவர் பாட்டனிடமிருந்து எவருக்குச் சென்றது என்பதை நாவின் நுனியில் வைத்திருந்த மனிதர்கள் அத்தோடு மறைந்தனர். அதிகாரம் போக வேண்டியதுதான். அதனோடு நினைவும் போயிற்று என்பதே இழப்பு.

பெயர்த்து நட்ட வீடுகள்

கோவளத்துக்குச் சற்று வடக்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அமைந்துள்ளது. டெபோரா தியாகராசன் முன்னின்று 1984-இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை அதனை உருவாக்கியது. ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்பில், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வகுத்த திட்டத்தின் அடிப்படையில், பென்னி குரியாகோசு முதலியோர் உழைப்பில் அது எழுந்தது. 1996 டிசம்பர் 14 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வணிகர் வீடு, திருநெல்வேலிப் பகுதி அக்கிரகார வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, குயவர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளிச் சிரியன் கிறித்தவர் வீடு என்று தென்னாட்டு வீடுகள் பதினெட்டு அங்கே உள்ளன. இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, தூணுக்கும் உத்தரத்துக்கும் எண்ணிட்டுப் பிரித்து, வண்டியேற்றிக் கொண்டுவந்து, பழைய முறை அறிந்த கொத்தரையும் தச்சரையும் வைத்து மீண்டும் எழுப்பியமை எளிய செயலன்று. ஒரு வீட்டைப் பிரிக்கும்போதுதான் அது எவ்வாறு கட்டப்பட்டது என்பது தெரியவரும். அவ்வறிவும் அங்கே சேமிக்கப்பட்டது.

வீட்டைக் காப்பது வரலாற்றைக் காப்பதில் பாதி. திண்ணையில் இருந்தவர் யார், இரண்டாம் கட்டில் பிள்ளை பெற்றவர் யார், எந்த நடையில் எவரை நிறுத்தினர், எவரை உள்ளே விடவில்லை என்பன மறுபாதி. தூணுக்கு எண்ணிட்டதைப் போல் மனிதர்க்கும் எண்ணிட்டுத் தொடர்பறுக்காமல் காக்க முடியுமா என்பதே குடிவரலாற்றின் வினா.

அதற்கு விடை தமிழர் வழக்கத்திலேயே உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் ஒன்பது கோயில்களைச் சார்ந்தவர்கள். மணமான ஒவ்வோர் இணையும் ஒரு புள்ளியாகக் கோயிலில் கணக்கிடப்படும். திருமணத்துக்குக் கோயில் மாலை வரவேண்டும். இசைகுடிமானம் எழுதப்பட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு மணமும் ஓர் ஆவணமாகிறது. முட்டுக்காட்டில் நிற்கும் செட்டிநாட்டு வீடு, அக்குடியின் கோயிற் கணக்கோடு சேர்த்து எண்ணப்படும்போதுதான் முழுமை பெறும்.

சோழமண்டலக் கரையின் மீனவரிடத்தும் இதற்கு இணையான முறை உண்டு. அது தலைக்கட்டு. மணமாகித் தனிக்குடும்பமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டு. ஊர்வரியும் திருவிழா வரியும் தலைக்கட்டு வாரியாகவே வாங்கப்படும். ஊர்ப் பஞ்சாயத்தார் கையிலிருக்கும் அந்த வரிக்கணக்கே ஒரு பெயரேடு. இராசராசன் காலத்துக் கல்லில் பிறர் எண்ணிய குடிகள், தலைக்கட்டுக் கணக்கில் தம்மைத் தாமே எண்ணிக்கொள்கின்றனர். முன்னது உடைமைக் கணக்கு. பின்னது உரிமைக் கணக்கு.

ஈழத்துத் தமிழர்க்குத் தோம்பு என்னும் சொல் தெரிந்ததே. போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய அந்நிலப் பதிவும் ஆட்பதிவும் வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் எழுந்தவை. இன்று இலங்கையில் தம் முன்னோரைத் தேடுவோர்க்கு அவையே பெருந்துணை. ஆளுவோன் ஒரு நோக்கத்துக்காக எழுதியதை ஆளப்பட்டோரின் வழித்தோன்றல் வேறொரு நோக்கத்துக்காகப் படிக்கிறான். ஆவணம் எழுதியவனுக்கே உரியதன்று, படிப்பவனுக்கும் உரியது.

எழுதும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கை

குடிவரலாறு எழுதுவதில் இடர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தொடங்கியபோது, பல குடியினர் தத்தம் உயர்வை நிறுவுவதற்கெனவே வரலாற்று நூல்கள் எழுதினர். அவற்றுட் பல, சான்றைத் தேடிப் போகாமல் பெருமையைத் தேடிப் போயின. அரசமரபை ஒவ்வொரு குடியும் பங்கு போட்டுக்கொண்டால், வலை பின்னியவர் வரலாற்றையும் உப்பு வாரியவர் வரலாற்றையும் எழுத ஆளிராது. மீனவன் மீனவனாகவே, குயவன் குயவனாகவே, தன் தொழிலின் நுட்பத்தோடு வரலாற்றில் நிற்பதே உண்மையான மதிப்பு.

மற்றொரு குறை, பெண்களின் மறைவு. தந்தையின் முதலெழுத்தோடு பிறந்து கணவனின் முதலெழுத்தோடு மறையும் பெண்ணின் பெயர், தலைக்கட்டிலும் புள்ளியிலும் தனித்து நில்லாது. எந்த ஊரிலிருந்து வந்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனையை இழந்தாள் என்பன தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மட்டுமே எஞ்சும். பாட்டனின் பெயரைச் சொல்லத் தெரிந்த வீடுகளில் பாட்டனின் தாயின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் அமைதியே விடை. குடிவரலாறு தொகுப்போர் முதலில் எழுத வேண்டிய பெயர் அதுவே.

மூன்றாவது, இழிவு நேர்ந்த செய்திகளைக் கையாளும் முறை. கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட குடிகளின் வழியினர் இன்றும் இக்கரையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அச்செய்தியை மறைப்பதும் தவறு. ஒருவர் முகத்துக்கு நேரே சுட்டுவதும் தவறு. செய்தி பொதுவில் இருக்க வேண்டும். தனி மனிதரின் தொடர்பை அவரவர் இசைவின்றி வெளியிடலாகாது.

இழப்பின் விரைவு

1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் மட்டும் காக்கப்பட்டது எதுவும் காக்கப்பட்டதாகாது என்பதை அந்நெருப்பு உணர்த்தியது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரைக் குடியிருப்புகளில் உயிர்களோடு வீட்டுப் பெட்டிகளையும் வாரிச் சென்றது. நிழற்படம், பத்திரம், பள்ளிச் சான்று என ஏழை வீட்டு ஆவணங்கள் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அடங்குவன. அவற்றின் படி வேறெங்கும் இருப்பதில்லை.

நெருப்பையும் நீரையும் விட அமைதியாக நிகழும் இழப்பு ஒன்றுண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தபின் தோப்பும் மணல்மேடும் மனைகளாயின. 2021-இல் கோவளக் கடற்கரை நீலக்கொடிச் சான்று பெற்றது. மணல் தூய்மையாயிற்று, பயணியர் பெருகினர். வாழ்வு வளம்பெறுவதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், நிலம் கைமாறுந்தோறும் அந்நிலத்தின் பெயரும் மாறுகிறது. புளியமரத்தடியும் பள்ளத்துக் கொல்லையும் மனையெண்ணாகும்போது, அப்பெயர்களில் தங்கியிருந்த பாட்டன்மாரும் இடம்பெயர்கின்றனர்.

இதற்கு மாற்று, பெருஞ்செலவு வேண்டுவதன்று. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டியவற்றுள் அரிய நூல்களோடு திருமண அழைப்பிதழ்களும் நாடகத் துண்டறிக்கைகளும் இருந்தன. 1992-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டு 1994-இல் சென்னைக்கு வந்து ஆய்வு நூலகமாயிற்று. பிறர் படித்துவிட்டு எறியும் அழைப்பிதழில் மணமக்கள், பெற்றோர், பாட்டன்மார், ஊர், நாள் என மூன்று தலைமுறை ஒரே தாளில் அச்சாகியிருப்பதை அவர் அறிந்திருந்தார். தமிழர் வீடுதோறும் பெட்டியடியில் கிடக்கும் குடிவழிச் சான்று அதுவே.

பத்தாண்டு நிறைவெய்தும் ஓர் இலக்கிய வட்டத்துக்கு இதில் பங்கு உண்டு. மாதந்தோறும் கூடும் ஓரவையில் கவிதைக்கு ஒரு பொழுது இருப்பதுபோல் ஊர்ப்பெரியவர் ஒருவரின் சொல்லுக்கும் ஒரு பொழுது இருக்கலாம். அவர் சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே எழுதி, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து, படி ஒன்றை அவர் வீட்டிலும், ஒன்றை ஊர் நூலகத்திலும், ஒன்றை வட்டத்திலும் வைத்தல் போதும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆலய ஏடு, தலைக்கட்டுக் கணக்கு ஆகியவற்றை உரியோர் இசைவோடு ஒப்பிட்டால், நினைவின் பிழை ஏட்டாலும் ஏட்டின் இடைவெளி நினைவாலும் நிறையும். கல்லும் ஓலையும் பிறர் எழுதியவை. தாளில் எழுதும் வாய்ப்பு இக்குடிகளுக்கே முதன்முறையாக வாய்த்துள்ளது.

கவிஞர்கள் சொல்லைத் தேடி அலைபவர்கள். கோவளத்துக் கரையில் வலையை உலர்த்திக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவர் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் சொல்லும் பெயர்கள் அகராதிகளில் அகப்படா. அவற்றைத் தமக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று அவரைக் கேட்டால், ஒரு பாட்டனின் பெயரும், அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த ஒரு பாட்டியின் பெயரும் வெளிவரும். குடிவரலாற்றின் முதல் வரி அது. அதை எழுதிக்கொள்ள ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.